தேர்ச்சி சதவீதத்துக்குள் வராத பிள்ளைகள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் அமைச்சர், செயலர், இயக்குநர்கள், மாவட்டங்களில் பணியாற்றும் முதன்மைக் கல்வி அலுவலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தி, கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோது ஆய்வுக் கூட்டங்களில் இதைச் சொல்ல எழுந்தால், "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், உங்க ஸ்கூல் பர்சன்டேஜ் எவ்வளவு?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் இப்போது எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதத்தை வைத்துப் பள்ளியையும் ஆசிரியரையும் எடைபோடுவதை நிறுத்துங்கள். ஒரு பிள்ளை படிப்பில் எங்கே நிற்கிறது என்பதைச் சின்ன வகுப்பிலேயே பார்த்து, பின்தங்கியிருக்கும் இடத்துக்கு ஆளையும் பணத்தையும் அனுப்புங்கள்.

2025 மே மாதம் வந்த பத்தாம் வகுப்பு முடிவில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். அரசுப் பள்ளிகள் மட்டும் 91.26. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகள் நிறைந்த பள்ளிகள் அவை. 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் துறை நிறுத்தியது. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் அந்தப் போட்டி அதோடு தீரவில்லை. மாணவர் தலையிலிருந்து இறங்கி, பள்ளியின் தலையிலும் மாவட்டத்தின் தலையிலும் ஏறிக்கொண்டது. முடிவு வருகிற அன்றே எந்த மாவட்டம் முதலில், எது கடைசியில் என்ற பட்டியலும் வருகிறது. கடைசியில் இருக்கும் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மேலிருந்து கேள்வி. அவர் தலைமையாசிரியர்களைக் கூப்பிடுகிறார், தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கூப்பிடுகிறார். விளக்கக் கடிதம் எழுத வேண்டும். சில இடங்களில் 17-ஏ என்ற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வரைக்கும் போகும். ஒரு பாடத்தில் ஆறு பேர் தவறியிருந்தால், அந்த ஆறு பேரும் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை நான் நிரப்பிய எந்தப் படிவமும் கேட்டதில்லை.

இந்த நெருக்கடியில் ஒரு ஆசிரியர் என்ன செய்வார் என்பதை என் பாடத்திலிருந்தே சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் 100 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் 8 மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். மூன்றையும் கூட்டினால் 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இந்தக் கூட்டல் தமிழ்நாட்டின் கணக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகும். அதில் இருப்பவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் தனி வகுப்பு. பாடப் புத்தகத்தின் ஒரு மதிப்பெண் விடைகளைத் திரும்பத் திரும்ப எழுத வைப்போம். வட்டத்துக்குத் தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம், இவற்றைக் கை பழகும்வரை போடச் சொல்வோம். இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்று சரியாக வந்துவிட்டால் போதும், பிள்ளை கரை சேர்ந்துவிடும்.

இந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். பத்தாம் வகுப்பில் தவறிய பெண்ணுக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் அடுத்த தை மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தேர்ச்சி பெற்றுவிட்டால் இன்னும் இரண்டு வருடம் பள்ளி, அப்புறம் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயோடு கல்லூரி என்று அவளுக்கு வழி இருக்கிறது. அந்த 35-ஐ வாங்கிக் கொடுக்க ஒரு ஆசிரியர் மார்ச் மாதம் முழுக்கத் தொண்டை கட்டப் பாடம் நடத்துகிறார் என்றால், அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்காகத்தான் நடத்துகிறார்.

ஆனால் அதே பெண்ணிடம் 936-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாது. வரைபடத்தாளில் பரவளையம் அழகாக வரும். அதில் ஒரு புள்ளியைத் தொட்டு, இது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் பதில் வராது. பதினோராம் வகுப்பில் வணிகவியல் குரூப்பில் சேர்ந்து, வட்டி கணக்கிடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். பாலிடெக்னிக் போன பையன் முதல் பருவத்திலேயே கணக்கில் அரியர் வைப்பான். 91.26 என்ற எண்ணில் இவர்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றவர்கள். இவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று துறைக்குச் சொல்ல அந்தத் தேர்வில் வழி இல்லை.

இன்னொரு கூட்டம் அந்த எண்ணுக்குள்ளேயே வருவதில்லை.

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. 2019-இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அந்த வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு ஏற்கவில்லை. சரியான முடிவு. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் என்று சொல்லி அதே பெஞ்சில் மறுபடி உட்கார வைத்தால் படிப்பு வந்துவிடாது. பள்ளியை விட்டுப் போவதுதான் நடக்கும். பழைய முறைதான் நல்லது, பயம் இருந்தால்தான் படிப்பார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள், அந்தப் பழைய முறையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தங்கள் ஊர்ப் பெண்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும்.

பிரச்சினை ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. எட்டு வரை யாரும் சொல்லாததை அங்கே சொல்லத் தொடங்குகிறோம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு, இந்தப் பையன் எழுதினால் சதவீதம் குறையும். பெற்றோருக்கு ஆள் அனுப்புகிறார்கள். "இவன் பாஸாக மாட்டான். டி.சி. வாங்கிட்டு வேற ஏதாவது சேருங்க, பிரைவேட்டா எழுதட்டும்." கூலி வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு வந்த அப்பா, வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போடுகிறார். தனியார் பள்ளிகள் சில இதைக் காலங்காலமாகச் செய்கின்றன, அங்கிருந்து வெளியேறிய பிள்ளைகளை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் நம் பள்ளிகளிலும் இது நடக்கிறது. நான் அறிந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் பத்தாம் வகுப்பில் இல்லை. அந்த ஆண்டு அந்தப் பள்ளி நூறு சதவீதம் வாங்கியது. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். போன பிள்ளைகளைப் பற்றி அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை.

2023 மார்ச் 13, பிளஸ் டூ தமிழ்த் தேர்வு நினைவிருக்கும். 50,000-க்கும் மேற்பட்டவர்கள் அன்று தேர்வறைக்கு வரவில்லை. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பைத் தேர்வில்லாமல் கடந்து வந்த பிள்ளைகள் அவர்கள். சில நாட்கள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அதே பேச்சாக இருந்தது. மே மாதம் முடிவு வந்தது: 94.03 சதவீதம். அது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. வராதவர்களைத் தவறியவர்கள் என்றுகூட யாரும் எண்ணவில்லை.

மாணவர் விவரங்களைத் துறை பதிந்து வைக்கும் இ.எம்.ஐ.எஸ். இணையதளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள், எத்தனை பேர் வேறு பள்ளிக்கு மாறினார்கள், எத்தனை பேர் எங்குமே இல்லை என்பதை அதிலிருந்தே எடுக்கலாம். மாவட்டவாரிப் பட்டியலுக்குப் பதிலாக, முடிவு வெளியாகும் அன்று இந்தக் கணக்கை வெளியிடுங்கள். பிள்ளையை வெளியே அனுப்பினால் எண் உயரும் என்ற நிலை அன்றோடு மாறிவிடும்.

சரி, அப்படியானால் தேர்வே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதை இன்னும் முன்னால் கொண்டுவாருங்கள் என்கிறேன். பிரதம் தொண்டு நிறுவனத்தின் ஏசர் ஆய்வில் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்து, சொல், சின்னப் பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று வாசிக்கச் சொல்வார்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். 2024 ஆய்வில் தமிழ்நாட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் பாதிக்கும் குறைவு. 2022-இல் இருந்ததைவிட நிலைமை மேம்பட்டிருந்தது என்பதும் உண்மை. ஏசர் முறையை நீங்கள் ஏற்காவிட்டால் போகட்டும், நீங்களே எடுத்த ஆய்வு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக் குழுவோடு சேர்ந்து அரசுப் பள்ளிகளின் 3, 5, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஸ்லாஸ் என்ற மாநிலக் கற்றல் அடைவுத் தேர்வு நடத்தினீர்கள். ஐந்தாம் வகுப்பில் தெரிந்த தெம்பு எட்டாம் வகுப்பில் இல்லை, கணக்கில் பெருந்தடுமாற்றம். அந்த எட்டாம் வகுப்புதான் இரண்டே ஆண்டில் நான் மேலே சொன்ன 14, 8, 8 கூட்டலுக்குள் வரப்போகிறது.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் நல்ல திசையில் போனது என்று நம்புகிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தலாம் என்பதைத் தொடக்கப் பள்ளிகளில் பழக்கப்படுத்தியது அதுதான். 2025-இல் ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்குத் 'திறன்' வந்தது. அடிப்படை தெரியாத பிள்ளைகளைத் தனியாக அடையாளம் கண்டு கற்பிக்கலாம் என்று துறையே ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் நான் அறிந்த பள்ளிகளில் இதற்கென்று ஒரு ஆள் கூடுதலாக வரவில்லை. இருக்கிற ஆசிரியரே பாடமும் முடிக்க வேண்டும், அடிப்படையும் சொல்லித்தர வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செல்போனில் பதிவேற்றவும் வேண்டும். தகவல் மேலே போகிறது. மேலேயிருந்து கீழே வருவது அடுத்த பதிவேற்றத்துக்கான தேதி மட்டும்தான்.

அப்புறம், அந்த மதிப்பீட்டை வைத்தே ஆசிரியரிடம் விளக்கம் கேட்டால், மொட்டில் இருக்கிற பிள்ளை ஏட்டில் மலராகிவிடும். இது ஆசிரியர்களின் குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு இல்லை, எந்த ஊரிலும் இப்படித்தான் நடக்கும். அமெரிக்காவில் 2002-இல் வந்த ஒரு சட்டம், 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. எட்டாத பள்ளிகள் மீது நடவடிக்கை என்றது. அட்லாண்டா நகரத்தில் 2009-இல் நடந்த தேர்வில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைகளை அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் அதில் சம்பந்தப்படுத்தியது. 2015-இல் நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதே ஆண்டு அந்தச் சட்டமும் விலக்கப்பட்டு வேறு சட்டம் வந்தது. நூறு சதவீதத்தை எந்த மாநிலமும் எட்டவில்லை. அவ்வளவு பணமும் அதிகாரமும் உள்ள நாட்டிலேயே மிரட்டலால் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை.

பணத்துக்கு வருகிறேன். 2025-26-க்குப் பள்ளிக் கல்விக்கென்று மாநிலம் ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது, அது அப்படித்தான் இருக்க முடியும். பள்ளியின் கைக்கு நேராக வருவது, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு, தலைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். அதில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதியில் சாக்பீஸ், பதிவேடு, உடைந்த குழாய், மின்விசிறி, பினாயில். இந்தத் தொகை தலைகளை மட்டும் எண்ணுகிறது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாசிக்க வராத பள்ளிக்கும், எல்லோரும் சரளமாக வாசிக்கும் பள்ளிக்கும் ஒரே தொகை.

ஆசிரியர் விஷயமும் அப்படித்தான். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துப் பணியிடம் நிர்ணயிக்கிறோம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் மற்றவர் ஒருவரே ஐந்து வகுப்புக்கும். இதைப் பார்க்கிற பெற்றோர், கடன் வாங்கியாவது பிள்ளையை வேன் வரும் பள்ளியில் சேர்க்கிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. பணி நிரவலில் ஒரு ஆசிரியர் உபரி என்று வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார். கடைசியில் அங்கே மிஞ்சுவது, வேன் கட்டணம் கட்டவே முடியாத வீட்டுப் பிள்ளைகள். யாருக்குக் கூடுதல் ஆசிரியர் தேவையோ அவர்களிடமிருந்து, விதிப்படியே, எடுத்துவிடுகிறோம்.

'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022-இல் நன்கொடை திரட்டத் தொடங்கினீர்கள். கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் பழைய மாணவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் சம்பாதிக்கிற ஊர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை வருகிறது. பழைய மாணவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கூலிக்குப் போன ஊர்ப் பள்ளிக்கு யார் கொடுப்பார்கள்? அங்கே அரசு மட்டும்தான் கொடுக்க முடியும்.

ஒன்றிய அரசு 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பங்கு 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ என்ற தன் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியரின் சம்பளத்துக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் என்ன தொடர்பு என்று மாநிலம் கேட்டது நியாயம். டெல்லி செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாநிலம் தன் நிதியிலிருந்து சம்பளங்களைச் சமாளித்ததையும் பார்த்தேன். அதனால்தான் உரிமையோடு இதைக் கேட்கிறேன். பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தை, பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றோடு முடிச்சுப் போடக் கூடாது என்று டெல்லியிடம் வாதாடுகிற நாம், நம் ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடத்தைத் தலை எண்ணிக்கையோடு மட்டும் எப்படி முடிச்சுப் போட்டு வைத்திருக்கலாம்?

செய்யக்கூடியதைத்தான் சொல்கிறேன். ஸ்லாஸ் போன்ற தேர்வை ஆண்டுதோறும் மூன்றிலும் ஐந்திலும் எட்டிலும் நடத்துங்கள், வாசிப்பை ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தப் பள்ளி ஆசிரியர் நடத்த வேண்டாம், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளி மாற்றி நடத்தட்டும். அந்த முடிவை வைத்து எந்த ஆசிரியருக்கும் மெமோ கிடையாது என்று அரசாணையிலேயே எழுதுங்கள். அது இருந்தால்தான் உண்மை வெளியே வரும். எந்தப் பள்ளியில் வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகமோ, அங்கே எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் பணி நிரவல் வேண்டாம், ஒரு ஆசிரியர் கூடுதலாகப் போகட்டும், மானியமும் கூடுதலாகப் போகட்டும். இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பு எடுத்த பெண்களைத் துறைக்கு நன்றாகத் தெரியும். பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கௌரவமான சம்பளத்தில் பள்ளி நேரத்திலேயே உதவியாசிரியராக வைத்துக்கொள்ளலாம். முடிவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அம்மாக்களிடம் புரிகிற தமிழில் கொடுங்கள். தங்கள் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், தங்கள் பள்ளிக்கு என்ன வர வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள்.

இதற்குப் புதிதாகப் பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் இல்லை. தேர்ச்சிப் பட்டியலை நிறுத்தப் பணம் வேண்டாம். மெமோவை நிறுத்தப் பணம் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டீர்கள். தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் தாவுவதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு வந்தது. அந்த ஆபத்து திரும்ப வரும், அதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க ஒரு பொதுத்தேர்வையே எடுக்கத் துணிந்தவர்களுக்கு, ஒரு மாவட்டப் பட்டியலை எடுப்பது கடினமாக இருக்காது.

ஆகஸ்ட் 1 பணியாளர் நிர்ணயத்துக்கு முன்னால் இந்த ஆணை வந்தால் அந்தக் கல்வியாண்டிலேயே பலன் தெரியும். அதுவரை ஒன்று மட்டுமாவது செய்யுங்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர்களிடம் சதவீதம் கேட்பதற்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து வெளியே போன பிள்ளைகளின் பெயர்களையும் அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் தெரியாத பள்ளிக்கு மெமோ அனுப்ப வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசி, திரும்பக் கூட்டி வருவதற்கு ஒரு ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை